தொற்றும் பக்கவாதமும்: கேட்டவையும் பதில்களும்

அப்பாவுக்கு 68 வயது, சுகர், பிரஷர் உண்டு. நிமோனியா என்று படுத்தவருக்கு மூன்றாம் நாளே இடது கை, கால் விழுந்துவிட்டது. ஸ்கேனில் ரத்தக்குழாய் அடைப்பு. நிமோனியாதான் காரணமா டாக்டர்?

பழி முழுவதையும் நிமோனியா மேல் போட மாட்டேன். சுகரும் பிரஷரும் பல வருடமாக ரத்தக்குழாய்க்குள் கொழுப்புப் படிவை வளர்த்து வைத்திருக்கும். தொற்று வந்ததும் உடம்பு முழுக்க அழற்சி கிளம்புகிறது. படிவு வெடிக்கலாம், ரத்தத்தில் அதை உறையவைக்கும் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் ஏறி, தட்டணுக்கள் (பிளேட்லெட்) சட்டென்று ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் சரியாக இறங்காததால் ரத்தமும் கெட்டிப்படும். சிலருக்கு இதயத்துடிப்பு தாறுமாறாகி, இதயத்திலேயே ரத்தக்கட்டி உண்டாகி மூளைக்கு ஏறிவிடும்.

2004-ல் வந்த பிரிட்டன் ஆய்வு ஒன்றில், மூச்சுப்பாதைத் தொற்று கண்ட முதல் 3 நாட்களில் பக்கவாத அபாயம், அதே ஆட்களின் மற்ற நாட்களைவிட சுமார் 3 மடங்கு இருந்தது. பிறகு சில வாரங்களில் படிப்படியாக இறங்கியது. இளவயதுக்காரர்கள் இதைப் படித்துவிட்டு ஒவ்வொரு தும்மலுக்கும் பயப்பட வேண்டாம். அவர்களுடைய அபாயம் மிகச் சின்ன எண்; அதை மூன்றால் பெருக்கினாலும் சின்ன எண்தான்.

ஃப்ளூ ஊசியும் அழற்சியைக் கிளப்புமே சார்?

அதே ஆய்வில் ஃப்ளூ, நிமோகாக்கஸ், டெட்டனஸ் ஊசிகளையும் பார்த்தார்கள். அபாயம் கூடவில்லை. தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து நன்றாகத் தேறிவிட்டார். போன மாதம் சிறுநீர்த் தொற்று வந்தபோது பழையபடி வாய் குழறியது. ஸ்கேனில் புதிதாக ஒன்றுமில்லை என்றார்கள். பிறகு எப்படி?

நிறையப் பேரைக் குழப்பும் விஷயம் இது. பழைய காயத்தைச் சுற்றி மிச்சமிருக்கும் நரம்புப் பின்னல், சாதாரண நாட்களில் எப்படியோ சமாளித்துக்கொள்கிறது. காய்ச்சல், தொற்று, சோடியம் குறைவு என்று வந்தால் அது திணறி, பழைய குறை அதே இடத்தில் தலைகாட்டும். தொற்று அடங்கினால் அதுவும் அடங்கும். ஆனால் புதிய அடைப்பா, பழையது திரும்பியதா என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு கட்டாதீர்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு, அறிகுறி தொடங்கியதிலிருந்து பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு.

கண்ணருகே அக்கி வந்தால் பக்கவாதம் வருமாமே?

அபூர்வமாக வரும். அக்கி வைரஸ் முகத்தின் உணர்வு நரம்பு வழியே மூளை ரத்தக்குழாய்ச் சுவருக்கே போய்விடக்கூடும். அக்கி ஆறி வாரங்கள், ஏன், மாதங்கள் கழித்துக்கூட வரலாம் என்பதால், அக்கி வந்த கதையை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள்.

பக்கவாதத்தில் படுத்தவருக்கு நிமோனியா வராமல் இருக்க முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கொடுக்கலாமா?

2015-ல் வந்த இரண்டு பெரிய சோதனைகளில் அது கைகொடுக்கவில்லை. விழுங்க முடிகிறதா என்று பரிசோதிக்கும் முன் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடாதீர்கள். ‘தொண்டை காயுது’ என்று இரக்கப்பட்டு உறவினர் விடும் ஒரு ஸ்பூன் தண்ணீர் புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும்.

பல நாள் காய்ச்சலோடு பக்கவாதமும் வந்தால்?

இதய வால்வில் கிருமி உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படியிருந்தால் கட்டியைக் கரைக்கும் ஊசியே மூளைக்குள் ரத்தக்கசிவை உண்டாக்கக்கூடும். அதனால் அவசரப் பிரிவில் நுழைந்ததுமே காய்ச்சல் இருந்ததைச் சொல்லிவிடுங்கள்.

காய்ச்சல் நேரத்தில் ஆஸ்பிரினை நிறுத்தட்டுமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். டெங்கு போல தட்டணு இறங்கும் காய்ச்சல் என்றால், ரத்தப் பரிசோதனை பார்த்து மருத்துவர் முடிவு செய்வார்.