8 கிராம் தங்க நாணயத்தின் விலையில் எதைக் குறைத்துக் கேட்கலாம்?

நகைக்கடையில் 8 கிராம் தங்க நாணயம் வாங்கும்போது விலையைக் குறைத்துக் கேட்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும், ஆனால் அன்றைய கிராம் விலையிலும் 3 விழுக்காடு ஜி.எஸ்.டி.யிலும் கடைக்காரர் இறங்கி வர அநேகமாக இடமில்லை. செய்கூலி, சேதாரம் என்று சேர்க்கப்படும் தொகையில்தான் பேரம் பேச வேண்டும்.

கிராம் 10,000 ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். 80,000 ரூபாய்த் தங்கத்துக்கு 6 விழுக்காடு செய்கூலி போட்டால் வரியுடன் 87,344 ரூபாய் ஆகும். அதையே 2 விழுக்காடாகக் குறைத்தால் 84,048 ரூபாய்தான். நாணயம் அச்சில் அடிக்கப்படுவது, கல் பதித்த ஆரத்தைப் போல அதில் கைவேலை கிடையாது என்பதால், சேதாரம் என்று ரசீதில் தனியாக எழுதினால் தயங்காமல் நீக்கச் சொல்லுங்கள்.

பலர் ஏமாறும் இடம் இன்னொன்று உண்டு. நாணயத்தில் 916 என்று பொறித்திருந்தால் அது 22 காரட், 999 என்றிருந்தால் 24 காரட். 916 நாணயத்துக்கு 24 காரட் விலை போட்டால் ஏறத்தாழ 9 விழுக்காடு அதிகமாகக் கொடுக்கிறீர்கள். ஆகவே எடை, காரட், கிராம் விலை, செய்கூலி ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதி வாங்கிக்கொண்டு, அந்தத் தாளுடன் இன்னும் இரண்டு கடைகளில் விசாரியுங்கள்.

வங்கிகள் தாங்கள் விற்ற நாணயத்தைத் திரும்ப வாங்குவதில்லை. கடையில் வாங்குவதானால், பிறகு விற்க வரும்போது எவ்வளவு கழிப்பார்கள் என்பதைப் பணம் கட்டும் முன்பே கேட்டு, ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.