டி.எம்.டி. பாசிட்டிவ்: ஸ்கேனா, குழாயா?

கேள்வி: எனக்கு 52 வயது. சர்க்கரை இல்லை, பிரஷருக்கு ஒரு மாத்திரை. மாடிப்படி ஏறினால் சில நாள் நெஞ்சு இறுக்குகிறது, சில நாள் ஒன்றுமே இல்லை. எக்கோ நார்மல். டி.எம்.டி. (டிரெட்மில்லில் நடக்கவைத்து எடுக்கும் ஈ.சி.ஜி.) 'லேசாக பாசிட்டிவ்' என்று வந்ததும் ஆஞ்சியோகிராம் செய்யச் சொல்லிவிட்டார்கள். ரத்தநாளம் வழியாக இதயம்வரை குழாய் விடுவார்களாமே, பயமாக இருக்கிறது டாக்டர். சி.டி. ஸ்கேனிலேயே அடைப்பு தெரிந்துவிடுமாமே?
- வாசகி, கும்பகோணம்

பதில்: தெரியும் அம்மா. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் நானும் முதலில் சி.டி. ஆஞ்சியோதான் (டை என்ற சாய மருந்தை ஏற்றி இதய ரத்தநாளங்களைப் படமெடுக்கும் ஸ்கேன்) எழுதித் தருவேன். டி.எம்.டி. அடைப்பைப் பார்ப்பதில்லை. நடக்க நடக்க ஈ.சி.ஜி. கோடு இறங்குகிறதா என்றுதான் பார்க்கும். ரத்தநாளம் சுத்தமாக இருந்தும் கோடு இறங்குவது பெண்களிடம் சகஜம்.

சி.டி.யின் பலமே 'அடைப்பு இல்லை' என்று சொல்வதில்தான். அதை நம்பி வீட்டுக்குப் போகலாம். 2022-ல் வெளிவந்த 'டிஸ்சார்ஜ்' ஆய்வில், நெஞ்சுவலியோடு வந்த 3,561 ஐரோப்பியர்களில் பாதிப்பேருக்கு சி.டி., மீதிப்பேருக்கு நேரே குழாய். மூன்றரை வருடத்தில் மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணத்தில் பெரிய வித்தியாசமில்லை. பரிசோதனையால் வந்த பெரிய சிக்கல்கள் மட்டும் சி.டி.யில் 0.5 சதவீதம், குழாயில் 1.9.

ஸ்கேனுக்கு முன்கூட்டியே கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள். அலர்ஜி இருந்தால் சொல்லுங்கள். நாடித்துடிப்பு அறுபதை ஒட்டி வர மாத்திரை தருவார்கள், நாக்கடியில் ஸ்பிரே அடிப்பார்கள். டை ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவும். என் மைத்துனி, படுக்கையிலேயே ஒன்றுக்குப் போய்விட்டோமோ என்று பதறிவிட்டார்! அதெல்லாம் ஒன்றுமில்லை, அது டையின் வேலை.

இருபது வருடச் சர்க்கரையோடு 70 வயதுக்காரர் இதையே கேட்டிருந்தால் என் பதில் மாறியிருக்கும். ரத்தநாளத்தில் சுண்ணாம்பு படிந்திருந்தால் சி.டி.யில் அது வெள்ளையாகப் பூத்து, சின்ன அடைப்பையும் பெரிதாகக் காட்டும். அங்கே மணிக்கட்டு வழியாகக் குழாய் விடுவதே மேல். சந்தேகமான அடைப்பைத் தாண்டி மெல்லிய கம்பியைச் செலுத்தி அடைப்புக்கு முன்னும் பின்னும் உள்ள ரத்த அழுத்தத்தை ஒப்பிடுவோம், அந்த விகிதம் 0.80-க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் ஸ்டென்ட் தேவைப்படாது.

உங்கள் சி.டி.யில் பெரிய அடைப்பு தெரிந்தால் குழாய்க்கு வரவேண்டியிருக்கலாம். மரத்துப்போக ஊசி போடுவார்கள். நீங்கள் பேசிக்கொண்டேகூட இருக்கலாம்.

இதற்கிடையில், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு இறுகி வியர்த்தால் ஸ்கேன் தேதிக்காகக் காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.