சாக்கு மூட்டைகள் போன இடம்

வணக்கம்.

மடிப்பாக்கத்தில் ஓர் அடுக்ககத்தின் தரைத்தளத்தில் ஐந்து பேராக வசிக்கிறோம். 2023 டிசம்பர் புயல் மழையில் வீட்டுக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் வந்தது. கட்டிலுக்கு அடியில் எத்தனை பொருள்களைத் திணித்து வைத்திருந்தோம் என்பது அவை மிதந்தபோதுதான் தெரிந்தது. சென்ற கோடையில் ஏழு சாக்கு மூட்டைகளை ஒழித்துக் கட்டினோம். ஆறே மாதத்தில் அலமாரிகள் மறுபடியும் நிறைந்துவிட்டன. கணவரும் பிள்ளைகளும் கைபேசியில் வாங்குவது நிற்கவில்லை. மாமியாருக்கு 74 வயது. காலி பாட்டில், ஜவுளிக்கடைப் பை என்று எதையும் எறிய விடமாட்டார். அவர் ஊருக்குப் போகும் சமயத்தில் பரணைக் காலி செய்துவிடலாமா என்று யோசிக்கிறேன். குப்பையைப் பிரித்து வைத்தாலும் வண்டியில் ஒன்றாகக் கொட்டுவதை இருமுறை என் கண்ணாலேயே பார்த்தேன். இவ்வளவு பாடுபடுவதில் பயன் உண்டா?

ஒரு வாசகி, மடிப்பாக்கம்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளில் ஒன்றுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மாமியார் ஊரில் இல்லாதபோது பரணைத் தொடாதீர்கள். இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், அந்தத் தவற்றை நான் செய்திருக்கிறேன்.

என் தந்தை வார இதழ்களில் வந்த தொடர்கதைகளை வாராவாரம் கத்தரித்துச் சேர்த்து, தொடர் முடிந்ததும் திருவல்லிக்கேணியில் ஒரு பைண்டிங் கடையில் கொடுத்துக் கெட்டி அட்டை போட்டு வைத்திருந்தார். மொத்தம் பதினொரு தொகுதிகள். ஒவ்வொன்றின் முதுகிலும் நீல மையில் அவர் கையெழுத்தில் கதையின் பெயரும் ஆண்டும் இருக்கும். தாள்கள் பழுப்பேறி, தொட்டால் ஓரம் உதிரும் நிலையில் இருந்தன. பல ஆண்டுகளாக யாரும் அவற்றைத் திறந்து நான் பார்த்ததில்லை. அவர் என் தங்கையைப் பார்க்கத் திருச்சிக்குப் போயிருந்த வாரத்தில், அவற்றைப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டேன். திரும்பி வந்தவர் வெறும் அலமாரித் தட்டின் முன்னால் சிறிது நேரம் நின்றார். "எந்தக் கடையில போட்ட?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் காலையில் கடை திறக்கும் முன்பே அங்கே போய்க் காத்திருந்தார். மூட்டை அதற்குள் மொத்த வியாபாரியிடம் போய்விட்டிருந்தது. அதன்பின் அவர் தம்முடைய பொருள் எதையும் எங்கள் கைக்கு எட்டும்படி வைக்கவில்லை. எல்லாவற்றையும் டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். அந்தப் பெட்டி அவர் காலம்வரை நிறைந்துகொண்டேதான் போயிற்று.

உங்கள் மாமியாரின் வயதுக்காரர்கள் ரேஷன் கடை வரிசையில் நின்று வளர்ந்தவர்கள். எண்ணெய் வாங்கத் தூக்குப் பாத்திரமும் மளிகைக்கு மஞ்சப்பையும் எடுத்துப்போனவர்கள். பழைய துணியைப் போட்டு எவர்சில்வர் பாத்திரம் வாங்கியவர்கள். அவர்கள் வீட்டில் குப்பைத் தொட்டி என்று தனியாக ஒன்று இருந்திருக்குமா என்பதே ஐயம். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தபோதும், 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியபோதும், அரசு நமக்குத் திரும்பக் கற்றுத்தர முயன்றது அவர் கையில் ஏற்கெனவே இருந்த பழக்கத்தைத்தான். அவர் மடித்து வைத்திருக்கும் ஜவுளிக்கடைப் பைகளில் ஐந்தை எடுத்து வாசற்கதவின் பின்னால் மாட்டுங்கள். அடுத்த முறை காய் வாங்கப் போகும்போது அதை உங்கள் கணவர் எடுத்துப் போகட்டும். தாம் சேர்த்ததற்கு ஒரு வேலை வந்துவிட்டது என்று கண்டால், மிச்சப் பைகளை விட்டுக்கொடுக்க அவர் அவ்வளவாகத் தயங்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

இனி அந்த ஏழு மூட்டைகள். 'ஒழித்துக் கட்டினோம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அவை எங்கும் ஒழியவில்லை. சென்னையில் நாள்தோறும் 5,000 டன்னுக்கும் மேல் குப்பை சேர்கிறது. பல ஆண்டுகளாக வடசென்னையின் குப்பை கொடுங்கையூருக்கும் தென்சென்னையின் குப்பை பெருங்குடிக்கும் போய்க்கொண்டிருக்கின்றன. பெருங்குடிக் கிடங்கு அமைந்திருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின்மேல். வேளச்சேரி, மடிப்பாக்கம் முதலான பகுதிகளில் பெய்யும் மழைநீரைத் தாங்கி வைத்திருந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கு அனுப்பும் நிலம் அது. 2022-இல் அது ராம்சர் தளமாக, அதாவது உலக அளவில் காக்க வேண்டிய ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரல் இறுதியில் பெருங்குடிக் குப்பை மேடு தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது. பழைய குப்பையை அகழ்ந்து பிரித்து நிலத்தை மீட்கும் வேலையும் அங்கே நடந்திருக்கிறது. ஆனாலும், தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் இத்தனை ஆண்டுகளாக நம் வீட்டுப் பொருள்கள் நின்றன. உங்கள் கூடத்துக்குள் வந்த தண்ணீருக்குக் காரணங்கள் பல உண்டு. நாம் வெளியே அனுப்பிய மூட்டைகளும் அவற்றுள் ஒன்று என்று எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் கலங்குகிறது.

வண்டியில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டுகிறார்கள் என்ற உங்கள் கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. மட்கும் குப்பை, மட்காத குப்பை, தீங்கு விளைவிக்கும் குப்பை என்று வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதி சொன்னது; பின்னர் வந்த விதியும் வீட்டிலேயே பிரிக்கத்தான் சொல்கிறது. அதன்படி வண்டியிலும் தனித்தனியாக வாங்கும்படி கேட்பது உங்கள் உரிமை, கேளுங்கள். அது சரியாகும்வரை, அடுப்படிக் கழிவை வண்டிக்கே அனுப்பாமல் வைத்துக்கொள்ளலாம். குப்பை மேட்டின் அடியில் காற்றில்லாமல் அழுகி மீத்தேன் வாயுவை உண்டாக்குவது இந்தக் கழிவுதான். மேடுகளில் தீ மூள்வதற்கும் அந்த வாயு துணைபோகிறது. என் வீட்டுக் குப்பையை ஒரு வாரம் தராசில் வைத்துப் பார்த்தேன். 9 கிலோவில் 6 கிலோவுக்கு மேல் காய்த்தோலும் பழத்தோலும் தேயிலைச் சக்கையும்தான்.

இதற்கு மொட்டை மாடியிலோ பின்கட்டிலோ, பக்கவாட்டில் துளையிட்ட இரண்டு மண்பானைகள் போதும். அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் காய்ந்த சருகு போடுங்கள். தெருவில் பெருக்கிக் குவிக்கும் புங்க இலையும் வேப்பிலையும் மிக நன்று. அன்றன்றைய கழிவைச் சிறிதாக நறுக்கிப் போட்டு, அதே அளவோ அதற்கு மேலோ சருகைத் தூவி மூடுங்கள். வாரத்துக்கு ஒருமுறை புளித்த மோரைத் தெளித்து, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு குச்சியால் கிளறிவிடுங்கள். நாற்றம் வந்தால் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள். இன்னும் இரண்டு கை சருகு போட்டால் அடங்கிவிடும். வெளிறிய தடித்த புழுக்கள் நெளிவதைக் கண்டு என் மனைவி முதல் மாதம் பானையையே தூக்கி வெளியில் வைக்கச் சொன்னாள். அவை ஒருவகை ஈயின் புழுக்கள். கழிவைத் தின்று தீர்ப்பதைத் தவிர அவற்றால் நமக்கு ஒரு கெடுதலும் இல்லை. தேங்காய் ஓடும் மாங்கொட்டையும் எளிதில் மட்கா என்பதால் பானைக்கு வேண்டாம். ஒரு பானை நிரம்ப எங்களுக்கு ஐந்து வாரம் ஆயிற்று. அதை மூடி வைத்து அடுத்த பானையைத் தொடங்கினோம். ஒன்றரை மாதம் கழித்து முதல் பானையைக் கவிழ்த்தபோது, முதல் மழைக்கு எழும் மண்வாசனையோடு கறுத்த பொலபொலப்பான உரம் கொட்டியது. மழைக்காலத்தில் மட்டும் பானைக்கு மேல் ஒரு தகரமோ பழைய தட்டோ வேண்டும்.

பால் கவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூலையைத் துண்டாக வெட்டி எறிந்துவிடுகிறோம். நகத்தளவே இருக்கும் அந்தத் துணுக்கை யாரும் பொறுக்கி எடுப்பதில்லை. அது சாக்கடைக்குத்தான் போகும். முழுவதும் அறுபடாமல் பாதி வெட்டித் தொங்கவிட்டு, கவரைக் கழுவிக் கொடியில் காயப்போட்டுச் சேர்த்தால் பழைய பேப்பர் கடையில் வாங்கிக்கொள்வார்கள். ஷாம்பூ, சிப்ஸ் பொட்டலங்கள் அப்படியல்ல. பிளாஸ்டிக்கையும் உலோகப் பூச்சையும் அடுக்கடுக்காக ஒட்டிச் செய்திருப்பதால் அவற்றை எடைக்கு வாங்குவார் எவருமில்லை. அவற்றை வாங்காமல் கடையிலேயே விட்டு வருவதுதான் ஒரே வழி. தேய்ந்த பேட்டரி, உடைந்த குழல்விளக்கு ஆகியவற்றை ஒரு டப்பாவில் தனியாகச் சேர்த்து, தீங்கு விளைவிக்கும் குப்பை என்று சொல்லிக் கொடுங்கள்.

அலமாரிகள் ஆறே மாதத்தில் நிறைந்ததற்குக் காரணம் வாசலில் இருக்கிறது. வெளியே போன மூட்டைகளை எண்ணினீர்கள். உள்ளே வந்தவற்றை யாரும் எண்ணவில்லை. சமையலறைக் கதவில் ஒரு தாளை ஒட்டி, வீட்டுக்குள் நுழையும் ஒவ்வொரு பொருளையும், வாங்கியவரே தேதியோடு எழுத வேண்டும் என்று ஒரு மாதத்துக்கு ஏற்பாடு செய்யுங்கள். யாரையும் கண்டிக்க வேண்டாம். எங்கள் தாளில் அந்த மாதம் 43 பொருள்கள் இருந்தன. அவற்றுள் 17-ஐ அந்த மாதமே யாரும் தொடவில்லை; ஆறு பொருள்கள் கொலுவுக்குப் போய்த் தாம்பூலத்தோடு வாங்கி வந்த பிளாஸ்டிக் கிண்ணங்கள். வேறொன்றும் சொல்லாமலே என் மகன் அடுத்த மாதம் கைபேசியில் வாங்க நினைத்தவற்றை அந்தத் தாளின் பின்புறத்தில் எழுதி வைத்து, பத்து நாள் கழித்துப் பார்த்துப் பாதியை அடித்துவிட்டான். ஆடித் தள்ளுபடி நாட்களில் தி. நகர்ப் பக்கம் போகாமல் இருக்க நானும் அப்படித்தான் பழகினேன். கொலுவுக்கு நாங்கள் இப்போது கொடுப்பது வெற்றிலை பாக்கோடு ஒரு தேங்காயோ வாழைப்பழமோதான். யாரும் குறை சொன்னதில்லை.

பரணுக்குத் திரும்ப வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒரே ஒரு பெட்டியை மட்டும் இறக்கி, மாமியாரை நாற்காலியில் உட்கார வைத்து, நீங்கள் கீழே உட்கார்ந்து திறங்கள். ஒவ்வொரு பொருளாக எடுத்து, அது எப்போது வந்தது, யார் கொடுத்தது என்று அவரிடம் கேளுங்கள். யாருக்குக் கொடுக்கலாம் என்றும் அவரையே சொல்லவிடுங்கள். கொடுக்க ஆள் கிடைக்காத பொருள் பெட்டிக்கே திரும்பட்டும். மதியத்துக்குள் ஒரு பெட்டி முடியாவிட்டாலும் அவசரமில்லை. அடுத்த ஞாயிறு இருக்கிறது.

அன்புடன்.