ஃபயர்வால் பெட்டிக்கு 60 ஆயிரம் கேட்கிறார், வாங்கலாமா?

கேள்வி: திருப்பூரில் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி வைத்திருக்கிறேனுங்க. டேலி ஓடுவது பழைய விண்டோஸ் 7 கம்ப்யூட்டரில், ஆடிட்டர் ஈரோட்டிலிருந்தே ரிமோட்டில் பார்ப்பார். கேமரா டிவிஆர் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கொஞ்ச நாளாக, ராத்திரி ஆள் இல்லாதபோதும் ரவுட்டர் லைட் விடாமல் மின்னுகிறது. கேமரா மாட்டியவர், வெளி நெட்டிலிருந்து வரும் வேண்டாததைத் தடுக்கும் ஃபயர்வால் பெட்டி வைத்தால் சரியாகிவிடும், 60 ஆயிரம் ஆகும் என்கிறார். வாங்கலாமுங்களா?

பதில்: இப்போதைக்கு வேண்டாமுங்க. பெட்டி மேல் எனக்குக் கோபம் இல்லை, ஆனால் வெளியே இருக்கும் எவனோ கட்டளை அனுப்பி ஓட்டும்படி உங்கள் பழைய சாமான்கள் திறந்து கிடக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும், அதற்குக் காசு தேவையில்லை.

எனக்குச் சந்தேகம் டிவிஆர் மேல். 2016-ல் மிராய் என்ற வைரஸ் உலகம் முழுக்க கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்ததில் பெரிய வித்தை எதுவும் இல்லை. வெளியிலிருந்து கட்டளை கொடுக்க உதவும் டெல்நெட் என்ற பழங்கால சேவை, அதன் வாசலான 23-ம் போர்ட், திறந்தே இருந்தது, கம்பெனி போட்டுக்கொடுத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றவில்லை, அவ்வளவுதான். அது மெமரியில் மட்டும் இருப்பதால் ஆஃப் செய்து போட்டால் போய்விடும், பாஸ்வேர்டு பழையதே என்றால் சீக்கிரமே திரும்பியும் வந்துவிடும். மொபைலில் யாரும் கேமரா பார்க்காத நேரமாகப் பார்த்து டிவிஆரின் நெட் கேபிளை உருவுங்கள். லைட் அடங்கினால், ரீசெட் செய்து பாஸ்வேர்டை மாற்றி டெல்நெட்டை நிறுத்துங்கள். சில பழைய மாடல்களில் டெல்நெட் பாஸ்வேர்டு உள்ளேயே பதிந்திருக்கும், மெனுவில் மாற்றினாலும் மாறாது. அதையெல்லாம் ரெக்கார்டிங்குக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், நெட் வேண்டாம்.

அப்புறம் டேலி கம்ப்யூட்டர். உண்மையில் எனக்கு இதுதான் அதிக பயம். விண்டோஸ் 7-க்கு வழக்கமான அப்டேட் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டது. 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் பரவியது ஃபைல் ஷேரிங்கின் பழைய வடிவமான எஸ்எம்பி 1-ல் இருந்த ஓட்டை வழியாக, யாரும் எந்த லிங்கையும் அமுக்கத் தேவையில்லாமல். இத்தனைக்கும் அதற்கான திருத்தம் மார்ச்சிலேயே வந்திருந்தது. 2019-ல் தெரியவந்த புளூகீப் ஓட்டை, தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பிலேயே இருந்தது, பாஸ்வேர்டு தெரியாமலே உள்ளே வரலாம், விண்டோஸ் 7-க்கும் பொருந்தும். ஆடிட்டருக்காக ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டைத் திறந்து வைத்திருந்தால் இன்றைக்கே மூடுங்கள், அவர் விபிஎன் என்ற பூட்டிய தனிப்பாதை வழியாக வரட்டும். எஸ்எம்பி 1, ரவுட்டரில் தானாகவே போர்ட்டைத் திறந்துவிடும் யுபிஎன்பி, இரண்டையும் நிறுத்துங்கள். விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரின் செக்யூரிட்டி பகுதியில், லாகின் தோற்றதைக் காட்டும் 4625 என்ற எண் சரம் சரமாக இருந்தால் யாரோ பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். டேலி டேட்டாவை வெளி ஹார்டு டிஸ்கில் எடுத்து, கழற்றி, பீரோவில் வையுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் பெட்டி வேண்டும் என்று தோன்றினால், லைசென்ஸ் புதுப்பிக்க வருஷா வருஷம் எவ்வளவு, அது அனுப்பும் எச்சரிக்கையைப் படிப்பது யார் என்று எழுதி வாங்குங்கள். ஷிப்மென்ட் நேரத்தில் பேக்கிங் செக்‌ஷனில் நிற்கும் நீங்கள் படிக்கப்போவதில்லை. அந்தக் காசில் முதலில் ஒரு புதுக் கம்ப்யூட்டர் வாங்கிவிடலாம். பழையதிலேயே விண்டோஸ் 10 போட்டுத் தருகிறேன் என்று யாராவது வந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அதன் வழக்கமான அப்டேட்டும் 2025 அக்டோபரில் நின்றுவிட்டது.