எட்டடி தள்ளி நின்று கேட்பது

அன்புள்ள அண்ணா,

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு லேபிள் அடித்துக் கொடுக்கும் சிறிய யூனிட் வைத்திருக்கிறேன். வயது 43. ஞாயிறு மாலைகளில் நண்பர்கள் நான்கு பேர் என் குடோனில் கூடிக் கிட்டார் வாசிப்போம். மேடை ஆசை யாருக்கும் இல்லை. ஆனால் ஒருவர் புதுக் கிட்டாரோடு வந்தால் மற்ற மூவருக்கும் அன்று தூக்கம் போய்விடும். என்னிடம் நான்கு இருக்கின்றன. போன மாதம் ஒரு நண்பர் முதுகும் பக்கங்களும் முழு ஈட்டி மரப் பலகையில் செய்த மார்ட்டின் கம்பெனி கிட்டார் வாங்கி வந்தார். அதைக் கேட்டதிலிருந்து என்னுடையவை தகரம் போலத் தெரிகின்றன. ஐந்தாவதாக நானும் ஈட்டியில் ஒன்று வாங்கலாமா? இல்லை, இப்படிச் சேர்ப்பதே வீண் பெருமையா? ஏசி அறையில் கிட்டாரை வைக்கலாமா? இந்த வயதில் நொட்டேஷன், அதாவது இசையை எழுதும் குறிப்பு, படிக்க வருமா? வீட்டில் வேறு திட்டு விழுகிறது.

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுவோம். ஏசியைவிட ஈரப்பதத்தைக் கவனியுங்கள். 45 முதல் 55 சதவீதம் வரை இருந்தால் மரம் நிம்மதியாக இருக்கும். மாசி, பங்குனி வறட்சியில் மரம் சுருங்கி, கழுத்தில் குறுக்காகப் பதித்த ஃப்ரெட் என்ற உலோகக் கட்டைகளின் நுனிகள் வெளியே வந்து கையைக் கீறும். அந்த மாதங்களில் பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். நொட்டேஷன் வரும், படியுங்கள். வீட்டுத் திட்டு உங்கள் வீட்டு விஷயம்.

உங்கள் கடிதத்தைப் பாதியாகக் குறைத்துத்தான் இங்கே போட்டிருக்கிறேன். வெட்டிய பகுதியில் நான்கு கிட்டார்களின் விலை, மரம், நிறம், வாங்கிய ஊர் எல்லாம் இருந்தன. எது எப்படிப் பேசும் என்று ஒரு வரி இல்லை. கம்பி மாற்றி ஒன்றரை வருடம் ஆகிவிட்டது என்பதை மட்டும் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். படித்தபோது கோபம் வந்தது. மாடு வாங்கியவன் தண்ணி காட்ட மறப்பானா?

ஈட்டி விஷயத்துக்கு வருகிறேன். மார்ட்டின் கம்பெனி 1833-ல் தொடங்கியது. நெடுங்காலம் பிரேசில் ஈட்டியில்தான் தங்கள் நல்ல கிட்டார்களின் முதுகைச் செய்தார்கள். அங்கிருந்து மரம் வருவது சிக்கலானதும் 1969 வாக்கில் இந்திய ஈட்டிக்கு மாறினார்கள். நாம் தோதகத்தி என்றும் சொல்கிற அதே மரம்தான். வால்பாறை மலை ஏறும்போது என் அப்பிச்சி பஸ் ஜன்னல் வழியாகக் கைநீட்டிக் காட்டியிருக்கிறார். அதனால் அந்த மரத்தின் மேல் எனக்கும் பாசம் உண்டு. ஆனால் கிட்டாரின் குரல் பெரும்பாலும் முன்பலகையில் இருக்கிறது. ஸ்பெயினில் அந்தோனியோ தோரஸ் என்ற பெரிய கைவினைஞர் 1862-ல் முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையிலும் முன்பலகையை மட்டும் நல்ல மரத்திலும் வைத்து ஒரு கிட்டார் செய்தார், இதை நிரூபிக்கவே. 2018-ல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தார் முதுகு மரம் மட்டும் வேறுபடும் ஆறு கிட்டார்களை 52 பேரிடம் கொடுத்தார்கள். மரம் கண்ணில் படக்கூடாது என்று மங்கலான அறை, கண்ணில் வெல்டிங் கண்ணாடி. ஆறுக்கும் ஏறத்தாழ ஒரே மதிப்பெண்தான் கிடைத்தது.

வெல்டிங் கண்ணாடி என்று படித்ததும் என் சின்ன மாமா நினைவு வந்துவிட்டது. சிங்காநல்லூரில் ஒரு லேத் பட்டறையில் வேலை. கல்கத்தாவில் செய்த பிளைவுட் கிட்டார் ஒன்று வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் கேரியரில் அதைக் கட்டிக்கொண்டு, முன்னால் பாரில் என்னையும் உட்கார வைத்து, போத்தனூர் ரயில்வே காலனிக்குப் போவார். அங்கே கூட்ஸ் வண்டிக் கார்டாக இருந்த ஆங்கிலோ இந்தியர் ஒருவர் மாமாவுக்குப் போட்டி. ரேடியோவில் கேட்ட இளையராஜா பாட்டுகளில் வரும் கிட்டார்த் துணுக்குகளைக் காதால் மட்டுமே பிடித்துக்கொண்டு வர வேண்டும். தோற்றவர் டீயும் தேங்காய் பன்னும் வாங்கித் தருவார். மாமாதான் அதிகம் வாங்கினார். கார்டின் வலதுகைக் கட்டைவிரல் தனியாக ஒரு ஆள் போல வேலை செய்யும். அந்த விரல் மேல் மாமாவுக்கு இருந்த பொறாமை கொஞ்சநஞ்சம் அல்ல. ராத்திரி தூக்கத்தில்கூட அவர் கட்டைவிரல் போர்வையைத் தட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

போட்டி முடிந்ததும் கார்டு தன் கிட்டாரை மாமாவிடம் நீட்டுவார். "தம்பி, நீ வாசி, நான் கேக்கறேன்" என்று வாசலிறங்கி வேப்ப மரத்தடிக்குப் போய், முதுகைக் காட்டி நின்றுகொள்வார். இரக்கப்பட்டுக் கொடுக்கிறார் என்றே மாமா ரொம்ப நாள் நினைத்திருந்தார். ஒருநாள் கார்டு மாமாவின் கிட்டாரைக் கேட்டு வாங்கி, "இப்ப நீ போய் நில்லு" என்றார். மாமா வாசல் கேட் பக்கம் போய் நின்றார். இரண்டு நிமிடம் அசையவில்லை. திரும்பி வந்து கேட்ட முதல் வார்த்தை: "ஏனுங்க சார், இது என்ர பொட்டிதானுங்களா?" தடித்த கம்பி மற்றவற்றை விழுங்குகிறது, மூன்றாவது கம்பி மூக்கடைத்த மாதிரி இருக்கிறது என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. ஆறு வருடமாக மடியில் வைத்து வாசித்த கிட்டார். அன்றிரவே பட்டறையில் மாட்டெலும்பைத் தேய்த்துப் புதுச் சேடில், அதாவது கம்பிகளைத் தாங்கும் சிறு துண்டு, செய்தார். நான் லாந்தர் பிடித்தேன்.

எஸ்., நான் உங்களுக்குச் சொல்ல இருப்பது இந்த ஒன்றுதான். கிட்டார் தன் குரலை முன்னால் எறிகிறது. வாசிப்பவர் காது அதற்குப் பின்னால், மேலே இருக்கிறது. மெல்லிய கூர்மையான ஒலிகள் நேர்முன்னே போய்விடும், நமக்கு வருவது மிச்சம். குடோனில் அன்று நண்பரின் மார்ட்டினை எதிரே உட்கார்ந்து கேட்டீர்கள். உங்களுடையவற்றை மடியில் வைத்துக் கேட்டீர்கள். இரண்டையும் ஒப்பிட்டுத் தகரம் என்று தீர்ப்பு எழுதிவிட்டீர்கள்! நான்கு கிட்டார் வாங்கியவர் ஒன்றைக்கூட இன்னும் கேட்டதில்லை. ரெக்கார்ட் செய்து கேட்டிருக்கிறேன் என்பீர்கள். போனில் கேட்பது போனின் குரல். உங்கள் கிட்டாரைக் கேட்க இன்னொரு மனிதரின் கை வேண்டும். அதுவும் உங்களைவிட ஒரு படி நன்றாக வாசிக்கிற கையாக இருந்தால்தான் அதில் என்ன இருக்கிறது என்பது வெளியே வரும். போட்டியாளர் எதற்கு என்றால் இதற்குத்தான். நண்பர் மேல் பொறாமை வந்ததற்கு வெட்கப்பட வேண்டாம். அவர் வைத்திருக்கும் பலகையை விட்டுவிட்டு அவர் விரலைப் பார்த்துப் பொறாமைப்படுங்கள்.

வரும் ஞாயிறு உங்கள் நான்கில் மிகப் பழையதை அந்த மார்ட்டின்காரர் கையில் கொடுங்கள். அவர் மார்ட்டினைத் தரச் சொல்லி நீங்கள் கேட்காதீர்கள், அவராகத் தருவார். எட்டடி தள்ளிப் போய், அவருக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். என்ன கேட்டது என்று எனக்கு எழுதுங்கள், ஐந்தாவதைப் பற்றி அப்புறம் பேசலாம். சனிக்கிழமையே கம்பியை மாற்றிவிடுங்கள். ஒன்றரை வருடத் துருவை இன்னொருவர் விரலில் ஏற்றக்கூடாது.