சுரங்கத் தொழிலாளர்கள் வரலாறு முழுவதும் சந்தித்த துன்பங்கள் எவை? தொழில்நுட்பம் வளர்ந்த பிறகு ஆபத்து குறைந்ததா?

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் பெரிய வெடிவிபத்துகளின் பட்டியலே பதிலாகக் கிடைக்கிறது. அந்த விபத்துகளைப் பற்றி நானும் எழுதத்தான் போகிறேன். ஆனால் சுரங்க வரலாற்றை நெடுநாளாகப் படித்து வந்ததில் என் மனத்தில் உறுதிப்பட்டிருப்பது வேறொன்று. தொழிலாளர்களைக் கொன்ற ஆபத்துகளில் மிகப் பல, கொல்வதற்கு முன்பே நன்கு அறியப்பட்டவை. அவற்றைத் தடுப்பதற்கான செலவை யார் ஏற்பது என்ற கேள்விதான் தீராமல் கிடந்தது.

நெடுங்காலம் அந்தக் கேள்வி எழவே இல்லை. ஏனென்றால் சுரங்கத்தில் இறங்கியவர்கள் தாமாக விரும்பி இறங்கியவர்கள் அல்லர். ஏதென்ஸ் நகரத்தின் செல்வத்துக்கு அடித்தளமாக இருந்த லாரியன் வெள்ளிச் சுரங்கங்களில் அடிமைகளே கல்லுடைத்தார்கள். ரோமப் பேரரசில் சுரங்க வேலை ஒரு தண்டனையாகவே விதிக்கப்பட்டது. பொலிவியாவின் பொட்டோசி மலையில் 1545-இல் வெள்ளி கண்டறியப்பட்ட பிறகு, ஸ்பானிய ஆட்சி 1570-களில் 'மித்தா' என்ற கட்டாய உழைப்பு முறையை அங்கே நிலைப்படுத்தியது. ஆண்டிஸ் மலைக் கிராமங்கள் தங்கள் ஆண்களில் ஏழில் ஒரு பங்கினரை முறைவைத்து அனுப்ப வேண்டியிருந்தது. கடல்மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்கும் மேலே, மூச்சு வாங்கவே சிரமமான உயரத்தில், அவர்கள் தாதுவை முதுகில் கட்டிக்கொண்டு ஏணிகளில் ஏறினார்கள். ஸ்காட்லாந்தில் 1606-ஆம் ஆண்டுச் சட்டம் நிலக்கரித் தொழிலாளியை முதலாளியின் அனுமதியின்றி வேலையை விட்டுப் போக முடியாதபடி கட்டிப்போட்டது. அந்தத் தளை முற்றிலும் அறுந்தது 1799-இல்தான்.

குழந்தைகளின் நிலையைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். பிரிட்டனில் 1842-இல் வெளியான அரசு விசாரணைக் குழுவின் அறிக்கை, ஐந்து ஆறு வயதுக் குழந்தைகள் இருட்டில் தனியாக உட்கார்ந்து, வண்டி வரும்போதெல்லாம் காற்றோட்டக் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்ததைப் பதிவு செய்தது. சுரங்கத்தின் காற்றோட்டமே அந்தக் கதவுகளை நம்பி இருந்தது. ஒரு கதவு திறந்தே கிடந்துவிட்டால் உள்ளே நச்சுக்காற்று தேங்கிவிடும். நூற்றுக்கணக்கானவர்களின் உயிரை ஒரு குழந்தையின் விழிப்பில் ஒப்படைத்த ஏற்பாடு அது. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1838-இல், யார்க்‌ஷயரின் ஹஸ்கர் சுரங்கத்தில் மழைவெள்ளம் புகுந்து 26 குழந்தைகள் இறந்திருந்தார்கள். பெண்களும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவர்களும் நிலத்தடியில் வேலை செய்வது 1842-இல் தடை செய்யப்பட்டது.

கூலி கொடுக்கப்பட்ட விதமும் ஆளைக் கொன்றது. பலரும் இதைக் கவனிப்பதில்லை. அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களில் வெட்டி அனுப்பிய கரியின் எடைக்குத்தான் காசு; கூரை சரியாமல் இருக்க மரத்தூண் நடும் நேரத்துக்குப் பெரும்பாலும் கூலி கிடையாது. பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டியவன் தூண் நடுவதைச் சற்றுத் தள்ளிப்போட்டால், அவனைக் கவனமற்றவன் என்று குறை கூற எனக்கு மனம் வரவில்லை. அங்கே வெடிவிபத்துகளைவிடக் கூரைச் சரிவுகளே அதிகம் பேரைக் கொன்றன. ஒருவர் இருவராக இறந்ததால் அவை செய்தியாகவில்லை.

வெடிப்புக்கு முதற்காரணம் மீத்தேன். காற்றில் அது ஏறத்தாழ 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருக்கும்போது ஒரு தீப்பொறி போதும். 1812-இல் இங்கிலாந்தின் ஃபெல்லிங் சுரங்கத்தில் 92 பேர் இறந்தது பெரும் அதிர்ச்சியை உண்டாக்கியது. 1815-இல் ஹம்ப்ரி டேவி பாதுகாப்பு விளக்கை உருவாக்கினார். சுடரைச் சுற்றிய கம்பிவலை வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதால் தீ வெளியே பரவாது. இருந்தும் சாவு எதிர்பார்த்தபடி குறையவில்லை. விளக்கு இருக்கிறது என்ற துணிவில், அதுவரை வாயுவுக்கு அஞ்சி ஒதுக்கிவைத்திருந்த பகுதிகளிலும் ஆட்களை இறக்கினார்கள். கேள்வியின் இரண்டாம் பகுதிக்கான விடை இதிலேயே பாதி இருக்கிறது: பாதுகாப்புக்காகக் கண்டுபிடிக்கப்பட்ட கருவி உற்பத்திக்காகச் செலவிடப்பட்டது.

1862-இல் இங்கிலாந்தின் ஹார்ட்லி சுரங்கத்தில் நீரிறைக்கும் இயந்திரத்தின் பெரிய உத்திரம் முறிந்து, மேலே வருவதற்கு இருந்த ஒரே குழியை அடைத்துவிட்டது. 204 பேர் மாண்டார்கள். இரண்டாவது குழி இருந்திருந்தால் பெரும்பாலோர் பிழைத்திருப்பார்கள் என்பது அனைவருக்கும் தெரிந்ததே. அதைத் தோண்டச் செலவாகும் என்பதால் தோண்டவில்லை. இரண்டு வழிகள் கட்டாயம் என்ற சட்டம் அதே ஆண்டு வந்தது. 1906-இல் பிரான்சின் கூரியேர் சுரங்கத்தில் கரித்தூசு தீப்பற்றி 1,099 பேர் இறந்தார்கள். இருளில் 20 நாள் அலைந்த 13 பேர் உயிரோடு வெளியே வந்தபோது, மீட்புப் பணி எவ்வளவு அவசரமாகக் கைவிடப்பட்டது என்ற கோபம் நாடெங்கும் பரவியது. வேல்ஸில் உள்ள செங்கெனித் சுரங்கம் 1901-இல் ஒருமுறை வெடித்து 81 பேரைப் பலிகொண்டது. 1913-இல் மீண்டும் வெடித்தபோது 439 தொழிலாளர்களும் மீட்க வந்த ஒருவரும் இறந்தார்கள். காற்றின் திசையை மாற்றக்கூடிய விசிறிகளைச் சட்டம் ஏற்கெனவே கேட்டிருந்தது. அங்கே அந்த வேலை முடிந்திருக்கவில்லை. மேலாளருக்கு விதிக்கப்பட்ட அபராதம் 24 பவுண்டு. சீனாவின் பென்சிஹூ சுரங்கத்தில் 1942-இல் 1,549 பேர் இறந்தார்கள். அதை நடத்திய ஜப்பானிய நிர்வாகம் தீயை அணைப்பதற்காகக் காற்றோட்டத்தை நிறுத்தியதால், இறந்தவர்களில் பெரும்பாலோர் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவால் மூச்சடைத்தே மாண்டார்கள்.

ஆனால் தூசு கொன்றவர்களை இப்படி எண்ணிச் சொல்ல யாராலும் முடியாது. என் பார்வையில் சுரங்க வரலாற்றின் மிகப் பெரிய கொடுமை அதுதான். ஜெர்மானிய மருத்துவர் ஆக்ரிகோலா, 1556-இல் வெளிவந்த தம் நூலில், கார்பாத்திய மலைப் பகுதியில் ஏழு கணவர்களை அடுத்தடுத்து நுரையீரல் நோய்க்குப் பறிகொடுத்த பெண்கள் இருந்ததை எழுதியிருக்கிறார். அதே நூலில் காற்றோட்டப் பொறிகளையும், தூசு புகாமல் முகத்தை மூடும் துணியையும் விவரிக்கிறார். நோயும் தெரிந்தது, தடுக்கும் வழியும் தெரிந்தது. 1879-இல் ஜெர்மனியில் சாக்சனியின் ஷ்னேபெர்க் சுரங்கத் தொழிலாளர்களின் நோய் நுரையீரல் புற்றுநோய் என இரு மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். பாறையிலிருந்து கசியும் ரேடான் என்ற கதிரியக்க வாயுவே காரணம் என்று பிற்பாடு தெரிந்தது. இத்தனைக்கும் பிறகு, ஷ்னேபெர்க் இருக்கும் அதே மலைத்தொடரில், இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோவியத் அணுத் திட்டத்துக்காக யுரேனியம் தோண்டியபோது, முதல் சில ஆண்டுகள் தண்ணீர் தெளிக்காமலேயே பாறையைத் துளைத்தார்கள், காற்றோட்டமும் போதவில்லை. ஆயிரக்கணக்கானோர் புற்றுநோய்க்கு ஆளானார்கள். அமெரிக்காவில் நவஹோ பழங்குடி மக்களும் அதே காலத்தில் யுரேனியம் வெட்டினார்கள். 1950-இல் தொடங்கி அவர்களின் உடல்நலத்தை ஆராய்ந்த அரசு மருத்துவத் துறை, ஆபத்து என்னவென்று அவர்களிடம் சொல்லவில்லை. இழப்பீட்டுச் சட்டம் 1990-இல் வந்தபோது பலர் உயிருடன் இல்லை.

தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் சிலிக்கா தூசால் நுரையீரல் கெட்ட கறுப்பினத் தொழிலாளர்கள் தொலைதூரக் கிராமங்களுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்கள் அங்கே இறந்தது எந்தச் சுரங்கத்தின் கணக்கிலும் ஏறவில்லை. வெடிப்பில் இறந்தவனுக்கு விசாரணையாவது நடக்கும். இருமி இருமி இறந்தவனுக்கு அதுவும் இல்லை.

இன்று ஆபத்து குறைந்திருக்கிறதா என்றால், வாயு அளவீடு, காற்றோட்டம், மீட்புப் பயிற்சி ஆகியவை ஒழுங்காக நடைமுறையில் இருக்கும் பெரிய சுரங்கங்களில் பெருமளவு குறைந்திருக்கிறது. ஆனாலும் அமெரிக்காவின் அப்பலாச்சியப் பகுதியில், மெலிந்த கரிப் படலத்தோடு பாறையையும் சேர்த்து அரைப்பதால், தூசால் வரும் கறுப்பு நுரையீரல் நோய் முற்றிய நிலையில் இளையவர்களிடமும் திரும்ப வந்திருக்கிறது. வர்ஜீனியாவின் மூன்று மருத்துவ நிலையங்களில் மட்டும் 2013 முதல் 2017 வரை 416 பேருக்கு அது கண்டறியப்பட்டது.

எந்த மாற்றம் மிக முக்கியமானது என்று கேட்டால், நான் விளக்கையோ இயந்திரத்தையோ சொல்ல மாட்டேன். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1995-ஆம் ஆண்டு 176-ஆம் உடன்படிக்கை, கடுமையான ஆபத்து இருப்பதாக நியாயமாகக் கருதும் இடத்திலிருந்து விலகிச் செல்லும் உரிமையைச் சுரங்கத் தொழிலாளிக்கு அளிக்கிறது. அடிமையிடமும், மித்தா தொழிலாளியிடமும், கதவருகே உட்கார்ந்திருந்த குழந்தையிடமும் இல்லாதிருந்தது அதுதான். மேகாலயாவில் ஆள் தவழ்ந்து மட்டுமே நுழையக்கூடிய எலிவளைச் சுரங்கங்கள் 2014-இலேயே தடை செய்யப்பட்டவை. 2018 டிசம்பரில் அப்படிப்பட்ட ஒன்றில் வெள்ளம் புகுந்து குறைந்தது 15 பேர் சிக்கினார்கள். எந்தப் பதிவேட்டிலும் பெயரில்லாமல் இறங்கும் இத்தகையவர்களுக்கு அந்த உரிமை இன்னும் போய்ச் சேரவில்லை.