கேத்தோடின் வெப்பத்தைத் தண்ணீரில் அளந்து பாருங்கள்

கேள்வி: தாமிரக் கேத்தோடு (எதிர் மின்முனை) வைத்து 100 ஆம்பியரில் வெற்றிட ஆர்க் (காற்றை நீக்கிய கலனில் இரு மின்முனைகளுக்கு இடையே பாயும் மின்வில்) ஓட்டுகிறோம். கேத்தோடுக்குப் போகும் வெப்பத்தை அறிய அதன் பின்பக்கம் தெர்மோகப்பிள் (உலோகக் கம்பிகளாலான வெப்பநிலை உணரி) பதித்தோம். ஆர்க் பிடித்ததும் மீட்டர் தாறுமாறாகக் குதிக்கிறது. என்ன வழி?

பதில்: மீட்டர் அசையாமல் நின்றிருந்தாலும் விடை கிடைத்திருக்காது. அது ஓரிடத்துச் சூட்டைத்தான் காட்டும். உங்களுக்கு வேண்டியது மொத்த வெப்பம். ஆர்க் ஊன்றும் புள்ளிகளோ மைக்ரோமீட்டர் கணக்கில் சிறியவை, கேத்தோடின் முகமெங்கும் ஓடிக்கொண்டே இருப்பவை. அதனால் கேத்தோடைக் குளிர்விக்கும் தண்ணீர் எவ்வளவு சூடேறுகிறது என்று அளந்து பாருங்கள்.

நிமிடத்துக்கு 2 லிட்டர் ஓடினால், உள்ளே போகும் தண்ணீருக்கும் வெளியே வருவதற்கும் 1 டிகிரி வித்தியாசம் என்பது சுமார் 140 வாட். தாமிரத்தில் ஆர்க் மின்னழுத்தம் 20 வோல்ட்டை ஒட்டி நிற்கும். மொத்தம் 2 கிலோவாட். கேத்தோடின் பங்கு ஏறக்குறைய மூன்றில் ஒன்று. ஆக, 5 டிகிரிதான் ஏறும். தண்ணீர் நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் வைக்கும் இரண்டு வெப்பநிலை உணரிகளும் ஆளுக்கு அரை டிகிரி எதிரெதிராகப் பிசகினால் கணக்கில் ஐந்தில் ஒரு பங்கு போச்சு! அதனால் இரண்டையும் முதலில் ஒரே வாளித் தண்ணீரில் முக்கி, வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓட்டத்தைப் பாதியாக்கினால் 10 டிகிரி கிடைக்கும். ஓட்டத்தை அளக்க வாளி, தராசு, ஸ்டாப்வாட்ச் போதும். மலிவான ஃப்ளோமீட்டரைவிட அவற்றையே நான் நம்புவேன்.

மீட்டர் குதிப்பதற்குக் காரணம், தெர்மோகப்பிளின் உலோகம் ஆர்க்கின் மின்சுற்றையே தொட்டுக்கொண்டிருப்பது. ஒரு மீட்டர் நீளமுள்ள பிளாஸ்டிக் ஹோஸ் தாண்டி, தண்ணீர்ப் பாதையில் உணரியை வையுங்கள். அந்த ஹோஸுக்கு வெப்பக்காப்பும் சுற்றுங்கள்.

மின்சக்தியைக் கணக்கிடும்போது சராசரி வோல்ட்டையும் சராசரி ஆம்பியரையும் பெருக்காதீர்கள். ஆசிலோஸ்கோப்பில் (மின்னழுத்த மாற்றத்தை வரைந்து காட்டும் கருவி) கணத்துக்குக் கணம் பெருக்கி, பிறகு சராசரி எடுங்கள். வோல்ட்டை மின்முனைக்கு அருகிலேயே எடுக்க வேண்டும். பவர் சப்ளை முனையில் எடுத்தால் கேபிளில் விழும் வோல்ட்டும் சேர்ந்துவிடும்.

ஆர்க் இல்லாமல், கேத்தோடில் ஒரு ஹீட்டரைப் பொருத்தி 500 வாட் கொடுத்துப் பாருங்கள். தண்ணீர் 450 காட்டினால் மீதி எங்கோ கசிகிறது.

கடைசியில் கேத்தோடு வாட்டை ஆம்பியரால் வகுங்கள். 6, 7 வோல்ட் (20 வோல்ட்டில் மூன்றில் ஒன்று) வந்தால் சரி. 12, 13 வந்தால், அதே தண்ணீர் ஆனோடையும் (நேர் மின்முனை) சுற்றி வருகிறதா என்று குழாய் வழியைத் தேடிப் பாருங்கள்.